பொய்ப் புகாரில் பெயர் சேர்ந்துவிட்டதா? ஸ்டேஷன் ஃபோன் முதல் ஜாமீன்தாரர் வரை

“ஸ்டேஷன்லேர்ந்து பேசுறோம். உங்க மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. சாயந்திரம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

இந்த ஃபோன் வந்ததும் செய்யாத குற்றத்துக்கு விளக்கம் சொல்லத்தான் வாய் துடிக்கும். அதை அடக்குங்கள். பொய் வழக்கில் மாட்டியவரைக் காப்பாற்றுவது தேதியும் எண்ணும் கையெழுத்தும் உள்ள தாள்தான். பேச்சு காப்பாற்றாது.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறை. 1.7.2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. பழைய கட்டுரைகளில் 41ஏ என்று இருப்பது இப்போது 35(3). 438 என்ற முன்ஜாமீன் பிரிவு இப்போது 482. மனுவில் பழைய எண்ணைப் போட்டுத் திருப்பி வாங்காதீர்கள்.

1. ஃபோனிலேயே கேட்க வேண்டியவை

எந்த ஸ்டேஷன், பேசுபவரின் பெயரும் பதவியும் என்ன, புகாருக்கு சி.எஸ்.ஆர். போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆரா, அதன் எண் என்ன என்று கேளுங்கள். “வக்கீலைப் பார்த்துட்டு வர்றேன் சார், நோட்டீஸ் எழுத்துல குடுங்க” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுங்கள். ஃபோனை அணைத்துவிட்டு ஊரை விட்டுப் போவதுதான் மிகக் கெட்ட முடிவு. ‘தலைமறைவு’ என்ற ஒரு சொல் முன்ஜாமீன் மனுவையே சாய்த்துவிடும்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கிய ரசீது மட்டுமே. வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் வழக்கு ஆரம்பித்துவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் கொடுத்த உத்தரவின்படி, பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். அதில் எந்தப் பிரிவுகள், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நாள், நேரம், இடம் என்ன என்பதை முதலில் குறியுங்கள். உங்கள் ஆதாரமெல்லாம் அந்த ஒரு வரியைப் பொய்யென்று காட்டத்தான்.

2. நோட்டீஸில் எந்தப் பிரிவு?

பி.என்.எஸ்.எஸ். 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அதற்காக ஸ்டேஷனுக்கு அழைக்க முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 35(3) என்றால் நீங்கள் சந்தேகத்துக்குரியவர், ஆனால் உடனே கைது தேவையில்லை என்று பொருள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இலேயே அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்லிவிட்டது. இந்த நோட்டீஸுக்குக் குறித்த நாளில் போய் ஆஜராகுங்கள். போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். அன்று முடியாவிட்டால் காரணத்தை எழுதி, பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வரும் 35(3) நோட்டீஸ் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதை அலட்சியம் செய்யாமல் வக்கீல் மூலம் பதில் போடுங்கள்.

3. அன்றைக்கே ஆதாரம்

சிசிடிவிதான் முதலில். கடைகளில் இருக்கும் டிவிஆரில் (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில இடங்களில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. கடைக்காரரிடம் போய், மானிட்டரை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். டிவிஆரிலிருந்து மூலக் கோப்பையே பென் டிரைவில் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது டிவிஆர் காட்டும் நேரத்தையும் உங்கள் ஃபோன் நேரத்தையும் ஒரே படத்தில் பிடியுங்கள். பல டிவிஆர்களில் கடிகாரம் பத்து, இருபது நிமிடம் பிசகியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாவிட்டால், நீங்கள் வேறிடத்தில் இருந்த காட்சியே உங்களுக்கு எதிராகத் திரும்பும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் கோப்பு சுருங்கி மாறிவிடும். பென் டிரைவ்தான் சரி. நீதிமன்றத்தில் இதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும்.

கடைக்காரர் தர மறுத்தால் சண்டை வேண்டாம். “இந்த நாளின் பதிவை அழிக்காமல் வையுங்கள்” என்று அவருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, ரசீதை வையுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்புக் குறைவு. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கூகுள் டைம்லைன் இப்போது ஃபோனிலேயே இருப்பதால் பேக்கப் போட்டுவிடுங்கள். புகார் கொடுத்தவருக்கு மட்டும் ஃபோன் செய்யாதீர்கள், ஆள் விட்டும் பேசாதீர்கள். “மிரட்டினார்” என்று இரண்டாவது புகார் வரும்.

4. ரைட்டர் மேசை: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

கைமாற்று, சீட்டுப் பணம் போன்ற தகராறு மோசடிப் புகாராக மாறி வரும்போது இது நடக்கும். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பிறகு ஸ்டேஷனின் எழுத்து வேலையைப் பார்க்கும் ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, “ஒண்ணுமில்ல, மூணு மாசத்துல குடுத்துடுறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, முடிஞ்சுரும்” என்பார். களைப்பில் எழுதத் தோன்றும்.

எழுதினால் அது முடிவதில்லை. வாங்காத பணத்தை வாங்கியதாக உங்கள் கையெழுத்திலேயே தாள் ஒன்று பிறந்துவிடுகிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது உண்மை. விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில், அதைச் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்றும் பி.என்.எஸ்.எஸ். 181 சொல்கிறது. ஆனால் எஃப்.ஐ.ஆருக்கு முன்னால், சி.எஸ்.ஆர். கட்டத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் அந்தப் பாதுகாப்பு வரும் என்று நம்பி இருக்காதீர்கள். நாளைக்கு சிவில் கோர்ட்டில் அதே தாளை எடுத்து நீட்டுவார்கள்.

ஆகவே நீங்களே வீட்டில் தயார் செய்த பதிலைக் கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். “புகாரில் உள்ளவற்றை மறுக்கிறேன், விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன், இணைப்புகள் இவை” என்ற அளவில் நிறுத்துங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஸ்டேஷன் சீல் வாங்குங்கள். சீல் தர மறுத்தால் அன்றைக்கே அதைப் பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வெற்றுத் தாளிலோ, முழுதாகப் படிக்காத தாளிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம். உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க அரசியல் சாசனம் 20(3) உரிமை தருகிறது.

5. முன்ஜாமீன்

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் இது தேவையே இல்லை. ஜாமீனில் விட முடியாத பிரிவு இருந்தால் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்டம் சேர்ந்திருந்தால் பொதுவாக முன்ஜாமீன் கிடையாது. அதற்கு வேறு வழியை வக்கீல்தான் சொல்ல வேண்டும். பெரிய பெயரைத் தேடி அலையாமல், அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் கிரிமினல் பக்கம் நிற்கும் வக்கீலைப் பிடியுங்கள் என்பேன். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100-க்கும் ஃபோன் செய்யலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே இல்லை.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமாக 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி ஜாமீன்தாரர்களை நிறுத்தச் சொல்லியிருக்கும். நாள் தாண்டினால் கையில் இருப்பது வெறும் காகிதம். இரண்டு ஜாமீன்தாரர்களையும் அவர்களுடைய ஃபோட்டோ, ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக், கோர்ட் கேட்டால் வீட்டு வரி ரசீது ஆகியவற்றையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகளில் வரும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனை இருந்தால் ஒரு நாளும் தவறாதீர்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு தளர்த்தக் கேட்டு மனுச் செய்யலாம்.

6. கைதே நடந்துவிட்டால்

வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்தும் நேரமும் இருக்க வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே சொல்லாததைப் பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் அது தானாக வராது. கெடு முடிந்த மறுநாளே, குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனுப் போட வேண்டும்.

பின்சேர்க்கை

“வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், டிஜிட்டல் கைது என்கிறார், பணம் கட்டச் சொல்கிறார்” என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. துண்டித்துவிட்டு 1930-க்கு அழையுங்கள்.

பொய்ப் புகார் கொடுத்தவர் மேல் உடனே வழக்குப் போடலாமா என்பது இன்னொரு கேள்வி. முதலில் உங்கள் வழக்கு முடியட்டும். போலீஸ் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ (புகாரில் சொன்னது நடக்கவில்லை) என்று மூடலாம், அல்லது உயர் நீதிமன்றம் பி.என்.எஸ்.எஸ். 528-இன்கீழ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யலாம். எதுவானாலும் அந்த உத்தரவின் சான்றளித்த நகலை வாங்கி வையுங்கள். பொய்த் தகவல் கொடுத்ததற்காக பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 217-இன்கீழ் நடவடிக்கை என்றால் புகார் பெற்ற அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோதான் கோர்ட்டுக்கு எழுத வேண்டும். நீங்கள் நேரே போக முடியாது. பாஸ்போர்ட் சரிபார்ப்புக்குப் போகும்போதும் அதே நகலில் இரண்டைக் கையோடு கொண்டு போங்கள்.