குளிர்கால 200: பன்னிரண்டு மாதச் சங்கிலி எங்கே அறுகிறது?

ஏப்ரலில் ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் என்று ஒன்பது மாதம் தவறாமல் ஓட்டினேன். பத்தாவது மாதம் ஜனவரி. அதன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, லண்டனுக்கு மேற்கே சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு ஒற்றையடிச் சாலை. பிரேக் பிடிக்கவில்லை, ஹேண்டிலைத் திருப்பவும் இல்லை, ஆனால் வண்டி எனக்குக் கீழிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. வயலிலிருந்து வழிந்த தண்ணீர் ராத்திரியில் உறைந்து, ஈரத்தார் மாதிரிக் கிடந்திருக்கிறது. இடுப்பில் கன்றிப்போன காயம், பின் கியர் வளைந்துவிட்டது. மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது, இரண்டும் வேலை நாள். ஒன்பது மாத ஓட்டம் அந்தச் சாலையோரப் புல்லில் முடிந்தது.

நான் சொல்வது 'ரேண்டனர் ரவுண்ட் தி இயர்' என்ற சவாலை. ஆடாக்ஸ் யூகே என்ற நெடுந்தூர சைக்கிள் சங்கம் இதை நடத்துகிறது. பிரான்சின் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குத் தகுதி பெற நினைத்த பிரிட்டிஷ்காரர்களுக்காக 1976-ல் தொடங்கிய சங்கம் அது. விதி எளிது. தொடர்ந்து 12 மாதம், ஒவ்வொரு மாதமும் குறைந்தது ஒரு 200 கி.மீ. பயணம். எந்த மாதத்திலும் தொடங்கலாம். ஒரு மாதம் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அமெரிக்காவில் இதையே 'ஆர்-12' என்கிறார்கள். ஒரு 200-ஐ முடிக்க ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள், ஆகவே இது வேகப் போட்டி அல்ல. ஜூனில் இதை முடிக்கிற உடம்பு ஜனவரியிலும் முடிக்கும். குளிர்காலத்தில் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் காலண்டரிடம்தான். எந்த நாள் கிளம்புவது என்ற ஒரு முடிவைத் தள்ளிப்போட்டால், மற்ற தவறுகள் எல்லாம் தாமாகவே வந்து சேரும்.

மாதக் கடைசிக்குத் தள்ளுவது

"இந்த வாரம் மழையாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்ப்போம்." எல்லாரும் செய்வது இதுதான், நானும் செய்தேன். அடுத்த வாரம் வீட்டுக்கு விருந்தாளி, அதற்கடுத்த வாரம் ஜலதோஷம், அப்புறம் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாள் எப்படி விடிந்தாலும் போயே தீர வேண்டும் என்ற நிலைக்கு நம்மை நாமே தள்ளிவிடுகிறோம். நான் விழுந்த அன்று காலையில் வாசல் படியே வழுக்கியது. ஜனவரி 5 ஆக இருந்திருந்தால் திரும்பிப் போய்ப் படுத்திருப்பேன்.

பிப்ரவரி 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியே சனிக்கிழமை. அதற்கடுத்த வார இறுதியில் 'கியாரா' புயல், அதற்கும் அடுத்த வார இறுதியில் 'டென்னிஸ்', மாதத்தின் கடைசி வார இறுதியில் 'ஹோர்ஹே'. பிரிட்டன் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த பிப்ரவரி அது. முதல் இரண்டு நாளைக்குள் ஓட்டி முடித்தவர் மீதி மாதத்தை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்திருப்பார். 2018-ல் வேறு மாதிரி: மாதக் கடைசியில் சைபீரியக் குளிர்காற்று இறங்கி, கடைசி சில நாள்கள் பல ஊர்களில் பனி மூடிப்போயின.

மாதம் பிறந்ததும் கிடைக்கும் முதல் சுமாரான நாளில் போய்விட வேண்டும். 'நல்ல' நாள் வேண்டாம், சுமாரான நாள் போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாதத்துக்கு ஒரு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லும் வாய்ப்பையும் கையில் வைத்திருங்கள். வானிலை சனி ஞாயிறு பார்த்து வருவதில்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். புத்தாண்டுச் சபதமாக ஜனவரியில் தொடங்குகிறார்கள், அல்லது என்னைப் போல வசந்த கால உற்சாகத்தில் ஏப்ரலில். ஏப்ரலில் தொடங்கினால் மோசமான மூன்று மாதங்கள் ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவதாக வந்து நிற்கும். அப்போது விட்டுக்கொடுக்க மனம் வராது, வராததால்தான் ஐஸ் மேல் போவோம். நவம்பரில் தொடங்கிப் பாருங்கள். ஜனவரி தவறினாலும் இழப்பு இரண்டு மாதம்தான். பிப்ரவரியைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் பகல் நீண்டுகொண்டே போகும்.

வெயில் நாளுக்குக் காத்திருப்பது

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. ஜனவரியில் நீல வானமும் பளிச்சென்ற வெயிலும் காட்டுகிற முன்னறிவிப்பைப் பார்த்தால் மனம் துள்ளும். ஆனால் மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் தரை தன் சூட்டை முழுவதுமாக வானத்துக்கு விடுகிறது. அந்த அழகான காலைதான் உறைபனிக் காலை. முன்னறிவிப்பில் வருவது தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலை. அது 2 டிகிரி என்று காட்டும்போது சாலையின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம். 'ரெண்டு டிகிரிதானே, உறையாது' என்று நினைத்துத்தான் நான் கிளம்பினேன்.

தென்மேற்கிலிருந்து அட்லாண்டிக் காற்று வீச, வானம் சாம்பல் பூத்து, நாள் முழுக்கத் தூறி, 7 டிகிரி காட்டுகிற அசிங்கமான நாள்தான் பாதுகாப்பான நாள். நனைவீர்கள், முணுமுணுப்பீர்கள், ஆனால் எலும்பு உடையாது. காற்று பலமாக இருந்தால் முதல் பாதியை எதிர்க்காற்றில் முடித்துவிட்டு, இருட்டும்போது அது முதுகில் தள்ளுகிற மாதிரிப் பாதையை வையுங்கள். தலைகீழாகச் செய்தவர் 120-வது கிலோமீட்டரில் ரயில் நிலையத்தைத் தேடுவார்.

விடியற்காலையில் கிளம்புவது

இது நம்மூர்ப் பழக்கம். சென்னையில் 'பிரவே' எனப்படும் இதே மாதிரி நெடுந்தூரப் பயணங்களை ஓட்டிவிட்டு இங்கே வந்தவன் நான். அங்கே பகை வெயில், ஆகவே நாலரை ஐந்துக்கே கிளம்பி, பத்து மணிக்குள் முடிந்தவரை தூரத்தைத் தின்றுவிட வேண்டும். இங்கே டிசம்பர் 21 அன்று லண்டனில் சூரியன் உதிப்பது காலை 8:04, மறைவது மாலை 3:53. எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லை. எனக்கு ஒரு 200 முடிக்கப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எனவே மூன்று நான்கு மணி நேரம் இருட்டில் ஓட்டியே ஆக வேண்டும். அந்த இருட்டைக் காலையில் வைப்பதா, மாலையில் வைப்பதா?

உறைபனி இருக்கக்கூடிய நாளில் மாலையில் வையுங்கள். ஒரு இரவின் மிகக் குளிர்ந்த நேரம் விடியலை ஒட்டித்தான் வருகிறது. மாலையில் சூரியன் மறைந்த பிறகும் சாலை குளிர்ந்து உறையச் சில மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழரைக்கு வந்து சேர்வது, நாலரைக்குக் கிளம்பி மாலை நாலுக்கு வருவதைவிட எவ்வளவோ மேல். சங்கம் நாள் குறித்து நடத்தும் குளிர்காலப் பயணங்களில் பல எட்டு மணி வாக்கில்தான் கிளம்புகின்றன. ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து புறப்படும் ஒரு 200-க்கு 'தி புவர் ஸ்டூடண்ட்' என்று பெயர். கிறிஸ்துமஸ் செலவுக்குப் பிறகு அந்தப் பெயர் எல்லாருக்கும் பொருந்தும்.

கோடைப் பாதையிலேயே போவது

ஜூலையில் நாம் தேடிப் போகிற பாதைகள் உண்டு: இரண்டு பக்கமும் வேலிச்செடி, மரநிழல், கார் வராத சின்னச் சாலை. குளிர்காலத்தில் அதே நிழல்தான் மதியம் வரை ஐஸைக் காப்பாற்றி வைக்கிறது. உள்ளூர் நிர்வாகம் உப்புத் தூவுவது முக்கியச் சாலைகளிலும் பேருந்துத் தடங்களிலும்தான். உப்பும் வண்டிச் சக்கரங்கள் ஏறி அரைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கு என்று தனியாக ஒரு பாதை வைத்திருக்கிறேன். ஓரளவு கார் போகிற, சமதரையான, சலிப்பூட்டுகிற பாதை. பாலங்களிலும் சரிவுகள் முடியும் இடங்களிலும் அப்போதும் கவனம் வேண்டும்.

சின்னச் சாலைகளில் இன்னொரு தொல்லை முள். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் விவசாயிகள் வேலிச்செடிகளை வெட்டுவதில்லை. எல்லாவற்றையும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வெட்டித் தள்ளுகிறார்கள். சாலை முழுக்க முள் கிடக்கும், ஈர ரப்பரில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். 25 மி.மீ. டயரை மாற்றி 28 அல்லது 32 போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், இரண்டு ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பது இங்கே போதாது. மரத்துப்போன விரல்களால் டயரைக் கழற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி.

உடம்பும் வண்டியும்

உடையில் பெரும்பாலோர் செய்யும் தவறு குறைவாகப் போடுவதல்ல, அதிகமாகப் போடுவது. வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் வியர்த்துவிடும். அந்த வியர்வைதான் மாலையில் உங்களை நடுங்க வைக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும். உள்ளே பருத்திப் பனியன் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். காலுக்கு இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்குவதும் தப்பு. ரத்தம் ஓட இடமில்லாமல் விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும். ஒரு சாக்ஸ், ஷூவுக்கு மேல் ஓவர்ஷூ, அவ்வளவுதான். கையுறை மட்டும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, ஆகவே குடிக்க மறப்போம். சில்லென்ற தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கவும் செய்யாது. நிற்கிற இடத்தில் எல்லாம் டீ குடிப்பது என் வழி. ஹேண்டில்பாரில் கட்டி வைத்த சாக்லெட் கல்லாகிவிடும். சட்டையின் பின்பையில், ஜாக்கெட்டுக்கு உள்ளே, நெய்யும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய இரண்டு சப்பாத்தி கடைசிவரை மெத்தென்று இருக்கும். நிற்பதும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சூடான கஃபேயில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர் வெளியே வந்ததும் பல் தந்தியடிக்கும்.

பின்சக்கர மட்கார்டை முடிந்தவரை தாழ இறக்குங்கள். உங்களுக்காக என்பதைவிட, பின்னால் வருகிறவர் வாயில் சேறு அடிக்காமல் இருக்க. குளிரில் பேட்டரி சொன்ன நேரம் வரை வராது, ஆகவே பின்விளக்கு இரண்டு வையுங்கள். பலர் சக்கர மையத்திலேயே டைனமோ வைத்துவிடுகிறார்கள். ஊரில் டயரை உரசிக்கொண்டு கத்துமே, அந்தச் சாதனத்தின் சத்தமில்லாத பேரன். வீட்டுக்கு வந்ததும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகுதான் குளியல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட செயின் காலையில் காவி நிறத்தில் இருக்கும்.

ஆதாரத்தைத் தொலைப்பது

இதில் அறுந்த சங்கிலிகளும் உண்டு. சொந்தமாகப் பாதை போட்டு ஓட்டுவதானால் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஓட்டிவிட்டு அப்புறம் எழுதிக்கொடுத்தால் செல்லாது. ஜி.பி.எஸ். தடம்தான் ஆதாரம் என்றால், அந்தக் கருவி குளிரில் செத்துப்போனால் 200 கி.மீ.யும் காற்றோடு போனது. வழியில் கடை ரசீதுகளையும் வாங்கி வையுங்கள். கிராமத்துக் கஃபேக்கள் குளிர்காலத்தில் மூன்றரைக்கே கதவைச் சாத்திவிடும், சில வாரக்கணக்கில் திறக்காது. பெட்ரோல் பங்க் ஏமாற்றாது.

இரண்டாவது முறை நவம்பரில் தொடங்கினேன். ஜனவரி 3 அன்று ஓட்டினேன்: 6 டிகிரி, காலையிலிருந்து தூறல், பதினொன்றே முக்கால் மணி நேரம். கடைசிப் பெட்ரோல் பங்கில் ரசீது கேட்டபோது, என்னிடமிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்த கடைக்காரர் மாப்பை எடுத்துவரப் போனார். அந்த மாதக் கடைசி ஞாயிறு வானம் நீலமாக விடிந்தது. வாசல் படியைக் காலால் தொட்டுப் பார்த்தேன், வழுக்கியது. உள்ளே போய்க் காபி போட்டேன்.