இங்கிலாந்தின் பழைய பங்குத் தேவாலயங்கள்: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இடைக்காலப் பங்குத் தேவாலயம் (ஓர் ஊர் அல்லது வட்டாரத்து மக்களுக்குரிய தேவாலயம்) ஒன்றைப் பார்க்கச் செல்பவர்கள் முதலில் கேட்பது, அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதையே. கேள்வியே தவறானது. அக்காலத்தில், மக்கள் கூடும் நடுக்கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு பங்கு மக்களுடையது. பூசை நடக்கும் திருப்பீடப் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பு பங்கின் வருவாயைப் பெற்ற குருவுடையது அல்லது மடத்துடையது. யாரிடம் எப்போது பணம் இருந்ததோ அப்போது அவரவர் பகுதி இடித்துக் கட்டப்பட்டதால், ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு நூற்றாண்டுகளின் வேலையைப் பார்ப்பதே வழக்கம். நார்தாம்ப்டன்ஷயரின் ஏர்ல்ஸ் பார்ட்டன் தேவாலயத்தில் கோபுரம், 1066-இல் பிரான்சிலிருந்து வந்து நாட்டைக் கைப்பற்றிய நார்மானியரின் வருகைக்கு முந்தைய சாக்சன் காலத்தது. அதை ஒட்டி நிற்கும் கட்டடமோ நார்மானியர் காலத்திலும் அதற்குப் பின்னரும் எழுந்தது.

இதோடு சேர்ந்த பிழை, வளைவின் வடிவத்தை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்வது. நார்மன், ஏர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்ற கட்டடப் பாணிப் பகுப்பு 1817-இல் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன் முன்வைத்தது. கட்டிய கொத்தர்கள் எவரும் அந்தப் பெயர்களை அறியார். அரைவட்ட வளைவைச் சாக்சன்களும் கட்டினார்கள், 19-ஆம் நூற்றாண்டில் விக்டோரியா காலத்தவரும் பழைய பாணியைப் பார்த்துக் கட்டினார்கள். ஆகவே உளித்தடம், கல்லின் தேய்மானம், இரண்டு சுவர்கள் சேரும் இடத்தின் இணைப்பு ஆகியவற்றையும் பார்த்த பிறகே காலத்தைச் சொல்ல வேண்டும்.

வெறும் கல்லாகத் தெரியும் உட்சுவரே இடைக்காலத் தோற்றம் என்று நம்புவதும் பரவலான தவறு. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டு, ஓவியங்களால் நிறைந்திருந்தன. பல இடங்களில் சாந்தைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டியவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ‘புதுப்பித்தவர்கள்’தாம், அத்தகைய வேலையை எதிர்த்தே வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினர். சஃபோக் மாவட்டத்து வென்ஹாஸ்டனில் 1892-இல் நடந்தது இன்னும் வியப்பானது. சீரமைப்பின்போது, வெள்ளையடித்த பழைய பலகைகள் சில, பயனற்றவை என்று கல்லறைத் தோட்டத்தில் போடப்பட்டன. மழை பெய்து சுண்ணாம்பு கரைந்தபோது, அவற்றில் இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியம் வெளிப்பட்டது. உயிர்த்தெழும் மனிதர்களும் நரகத்தின் வாயுமாக இன்றும் அது அத்தேவாலயத்தில் இருக்கிறது.

உடைந்த சிலை, தலையில்லாத உருவம் எதைக் கண்டாலும், 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த ஆலிவர் கிராம்வெல்லின் படைவீரர்கள் மீது பழி போடுவதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம். அழிவின் பெரும்பகுதி அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு ஆகியோரின் ஆட்சியில், அரசாணைப்படி, பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தேவாலயப் பொறுப்பாளர்களின் கையாலேயே நடந்தது. வென்ஹாஸ்டனுக்கு அருகிலுள்ள பிளைத்பர்க் தேவாலயம் இதற்கு நல்ல பாடம். அதன் மரக்கூரையில் சிறகு விரித்த வானதூதர்களின் உடலில் ஈயக் குண்டுகள் பதிந்திருந்தன. கிராம்வெல் தரப்பின் பியூரிட்டன் வீரர்கள், அதாவது தேவாலயங்களில் உருவங்களை வெறுத்த கடும் சீர்திருத்தவாதிகள், சுட்டவை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. தேவாலயங்களில் உருவங்களை அகற்ற அத்தரப்பு நியமித்த வில்லியம் டவுசிங் 1644 ஏப்ரலில் அங்கு வந்ததும், இருபது வானதூதர் உருவங்களை இறக்கச் சொன்னதும் அவருடைய நாட்குறிப்பிலேயே உள்ள உண்மைதான். ஆனால் அதில் சுட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. மாறாக, கூரையில் கூடுகட்டிய சிறு காகங்களைச் சுட வெடிமருந்துக்கும் குண்டுக்கும் பணம் கொடுத்த செலவு, 18-ஆம் நூற்றாண்டில் தேவாலயப் பொறுப்பாளர்கள் எழுதிய கணக்கில் இருக்கிறது. காகத்துக்கு வைத்த குறி வானதூதர்மீது பட்டிருக்கிறது!

அதே தேவாலயத்தின் வடக்குக் கதவில் உள்ள கருகிய தடங்களை, 1577 ஆகஸ்ட் 4-இல் அடித்த புயலின்போது வந்த பேய்நாயின் நகக்குறிகள் என்பார்கள். புயலும் அன்றைய உயிரிழப்பும் உண்மை. தடங்களோ மெழுகுத்திரியின் சுடரால் ஏற்பட்டவை போலவே தெரிகின்றன.

இதே வகைக் கதைகள் வேறு பல உண்டு. திருப்பீடப் பகுதியின் சுவரில் தாழ்வாக உள்ள சிறு ஜன்னல், தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை காண்பதற்கானது அன்று. திருப்பலியின்போது வெளியே கேட்குமாறு சிறுமணி அடிக்க அது பயன்பட்டிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். கால்களைக் குறுக்கே போட்டுப் படுத்திருக்கும் வீரனின் கற்சிலை, அவன் சிலுவைப்போருக்குச் சென்றதற்குச் சான்றாகாது. அது அக்காலச் சிற்பிகள் விரும்பிய ஒரு தோரணை. வடக்கு வாசலைப் பிசாசின் வாசல் என்பதும் பிற்காலக் கற்பனையே; பவனிகள் அதன் வழியே சென்றன, அவை நின்றபின் பல வாசல்கள் அடைக்கப்பட்டன.

கடைசியாக ஆவணங்கள். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் ஊரின் தேவாலயம் குறிக்கப்படவில்லை என்றால், அப்போது அங்கே தேவாலயமே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அது நிலத்தையும் வருவாயையும் அளந்த ஏடு. சில மாவட்டங்களில் தேவாலயங்களைக் கவனமாக எழுதினார்கள், சிலவற்றில் விட்டுவிட்டார்கள். பிற்காலத்துக்கு மாவட்ட ஆவணக் காப்பகத்திலுள்ள பொறுப்பாளர் கணக்குகளையே முதலில் புரட்ட வேண்டும்: மணிக்கயிறு, ஓட்டைக் கூரைக்கு ஈயத் தகடு, வெள்ளையடிக்கக் கூலி என்று வரிவரியாகச் செலவு எழுதியவர்களுக்குக் கதை சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.