மாணவர் த்ரில்லருக்கு ட்ரெய்லரும் போஸ்டரும்: எடிட்டிங் மேசையிலிருந்து சில குறிப்புகள்

திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் கலியாண வீடியோ எடிட் பண்ணுவதுதான் என் தொழில். ஆனாலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும், கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிற பிள்ளைகளும் வருடம்தோறும் பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, படம் முடிஞ்சுது. ட்ரெய்லர் ஒன்று வெட்டித் தாங்கோ." படம் அநேகமாக த்ரில்லராகத்தான் இருக்கும். காதல் கதை எடுக்க வீட்டில் விடமாட்டார்கள், கொலைக் கதை எடுக்க விடுவார்கள். அது என்ன நியாயமோ.

நான் முதலில் கேட்பது இதைத்தான்: பார்க்கிறவர் மனதில் என்ன கேள்வி நிற்க வேண்டும்? ஒரு வரியில் பதில் வராவிட்டால், போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்கோ என்று அனுப்பிவிடுவேன். ட்ரெய்லர், போஸ்டர், வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ட்ரெய்லர் ஒன்று கேட்டு, போஸ்டர் வேறொன்று சொன்னால் ஆட்கள் இரண்டையும் மறந்துவிடுவார்கள்.

விளக்கத்துக்கு ஒரு கதையை வைத்துக்கொள்வோம். கின்னியாவில் இரவு தொழிலுக்குப் போன அண்ணன் விடிந்தும் வரவில்லை. தோணி மட்டும் கரையில் கட்டிக் கிடக்கிறது. தங்கை கயிற்றைப் பார்க்கிறாள். அது அண்ணன் போடுகிற முடிச்சு இல்லை. பத்து நிமிடக் குறும்படம். 'முடிச்சு' என்று பெயர் வைக்கத் தோன்றும். யூடியூபில் தேடிப் பாருங்கள், அந்தப் பெயரில் எத்தனை பாட்டும் நாடகமும் வருகிறது என்று தெரியும். நாங்கள் 'ஏழாம் நம்பர் தோணி' என்று வைப்போம், தேடினால் அகப்படும். அண்ணனுக்கு என்ன நடந்தது என்பது முழுப்படத்தின் கேள்வி. ட்ரெய்லருக்கு அதைவிடச் சின்னதாக, கண்ணால் காணக்கூடிய கேள்வி வேண்டும்: இந்த முடிச்சைப் போட்டது யார்?

படப்பிடிப்பு நாளிலேயே சேர்க்க வேண்டியவை

ட்ரெய்லர் வேலை எடிட்டிங்கில் தொடங்குவதில்லை. படப்பிடிப்பு அன்றைக்கே, காட்சிகள் முடிந்ததும் கால் மணித்தியாலம் ஒதுக்கி, ட்ரெய்லருக்கென்று சில ஷொட் எடுங்கள். முடிச்சை மிகக் கிட்டவாக, கயிற்றின் நார் பிரிந்து நிற்பது தெரிகிற அளவுக்கு. ஈரக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுவது. தங்கையின் விரல் கயிற்றைத் தொடப் போய்த் தொடாமல் நிற்பது. அதோடு போஸ்டருக்கு ஃபோட்டோ தனியாக எடுங்கள். வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமைப் பிடித்து அடிக்கலாம்தானே என்று எல்லாரும் கேட்பார்கள். ஏலாது. ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவாக அடிக்க 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். ஃபுல் எச்டி வீடியோ ஃபிரேம் வெறும் 1920க்கு 1080. அதுவும் படுக்கையாக இருக்கும். போஸ்டரோ நெட்டையானது.

ஃபோனில் எடுக்கிறவர்கள் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 30 ஃபிரேமில் எடுத்தால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் திரையில் துடிக்கக்கூடும், பிறகு அதைச் சரிப்படுத்துவது பெரும் பாடு. ஐஃபோனில் 25 ஃபிரேம் தெரியாவிட்டால், கமரா செட்டிங்கில் பால் (PAL) ஃபார்மட் என்பதை இயக்கினால் வரும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இந்த ஊர் கொடுத்து வைத்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். டச்சுக் குடாப் பக்கம் சூரியன் கடலில் எழும்பும், உட்துறைமுக வீதியில் நின்றால் பின்னேரம் தண்ணீருக்கு மேலே இறங்கும். சூரியன் மறைந்து வானம் நீலமாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எக்ஸ்போஷரைக் குறைத்து, வைட் பலன்ஸை 3500 கெல்வின் அளவில் வைத்து எடுங்கள். திரையில் நடுச்சாமம் போல வரும். உண்மையான நடுச்சாமத்தில் ஃபோனில் எடுத்தால் வருவது புள்ளி புள்ளியான கறுப்புத்தான். ஊருக்குள் திரிகிற மான்களையும் விட்டுவிடாதீர்கள். இரவில் டோர்ச் வெளிச்சத்தில் கண் மின்ன நிற்கிற மான், கொழும்பில் பார்க்கிறவருக்குப் பயமாக இருக்கும். நம் ஊர்க்காரருக்குச் சிரிப்புத்தான் வரும். யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளால் போகிறது, அங்கே இராணுவ முகாம் இருக்கிறது. விளையாட்டுத் துப்பாக்கியும் ட்ரைபொட்டுமாக அங்கே போய் நிற்காதீர்கள். கடற்படைத் தளப் பக்கம் கமராவைத் திருப்புவதும் வேண்டாம். ட்ரோன் என்றால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் கிளப்ப வேண்டாம். பொது இடத்தில் கத்தி, இரத்தம் மாதிரிக் காட்சி எடுப்பதானால் பொலிசில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். தோணியின் பதிவு இலக்கம் தெரிகிறதென்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொலைக் கதையில் தன் தோணி வருவதை எல்லாரும் விரும்ப மாட்டார்கள்.

வெட்டுவது

ஹொலிவூட்டில் தியேட்டர் ட்ரெய்லருக்கு வழக்கமான உச்ச அளவு இரண்டரை நிமிடம். அது இரண்டு மணிநேரப் படத்துக்கு. பத்து நிமிடக் குறும்படத்துக்கு 50 விநாடி தாராளம்.

முதல் பத்து விநாடி சாதாரணமாக இருக்கட்டும். தங்கை தேத்தண்ணி ஆற்றுகிறாள், கரையில் காகம், தோணி அசைகிறது. பயம் காட்ட அவசரப்படாதீர்கள், வழமை எது என்று தெரிந்தால்தான் அது கெடும்போது உறைக்கும். பிறகு முடிச்சு, முழுதாக மூன்று விநாடி. தங்கையின் குரல்: "அண்ணா இப்பிடிக் கட்டமாட்டான்." கறுப்பு. இங்கிருந்து ஷொட்டுகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: இரண்டு விநாடி, ஒன்று, அரை. அரை விநாடி என்றால் ஏறக்குறைய 12 ஃபிரேம். ஃபோன் திரையில் எட்டு ஃபிரேமுக்குக் கீழே போனால் என்ன பார்த்தோம் என்றே தெரியாது. உச்சத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒன்றரை விநாடி முழு மௌனம். அப்புறம் பெயர். பெயருக்குப் பிறகு ஒரேயொரு ஷொட்: இன்னொரு வீட்டு வாசலில் அதே முடிச்சு.

படத்தின் கடைசி மூன்றிலொரு பங்கிலிருந்து ஒரு ஃபிரேம்கூட எடுக்காதீர்கள். இதில் நான் கறார். "அண்ணா, அந்தச் சண்டைதான் நல்லா வந்திருக்கு" என்பார்கள். நல்லா வந்திருந்தால் படத்தில் பார்க்கட்டும்.

வசனம் மூன்றுக்கு மேல் வேண்டாம். 'ஒரு இரவு… ஒரு கொலை… ஒரு உண்மை…' என்று கறுப்பில் எழுத்து வருவதும் வேண்டாம். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது.

படத்தைவிடச் சத்தத்துக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். இணையத்தில் கிடைக்கிற 'டூம்' சத்தத்தை எல்லாரும் போடுகிறார்கள். உங்கள் கதையில் கயிறு இருக்கிறது. தோணியின் விளிம்பில் கயிறு உரசுகிற கிறீச்சிடும் சத்தத்தை ஃபோனைக் கிட்டப் பிடித்துப் பதியுங்கள். அதை எடிட்டிங்கில் 30 சதவீத வேகத்துக்கு இறக்கிச் சுருதியும் சேர்ந்து இறங்க விட்டால், ஏதோ பெரிய மிருகம் முனகுவது போல ஒன்று வரும். அதை முதல் பத்து விநாடிக்குக் கீழே மெல்லிதாக ஓட விடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். மௌனத்துக்கு முன்னால் அதையே சத்தமாகக் கொண்டுவந்து சட்டென்று வெட்டுங்கள்.

இன்னொன்று, ட்ரெய்லரைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் ஃபோன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி அநேகமாகக் கேட்காது. ஹெட்ஃபோனில் நெஞ்சை அதிரவைத்த இடி ஃபோனில் காணாமல் போய்விடும். ஆகவே ஒவ்வொரு இடியோடும் மரத்தில் தட்டுவது போன்ற நடுத்தொனிச் சத்தம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். மொத்த ஒலியைக் கண்டபடி ஏற்றியும் பலனில்லை. யூடியூப் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (ஒலியின் உரப்பை அளக்கிற அலகு) அளவுக்கு மேலே போனதைத் தானே குறைத்துவிடும்.

மே தொடங்கி ஆவணிவரை கச்சான் காற்று அடிக்கும். அந்த நாட்களில் கடற்கரையில் பதிந்த வசனம் பாவிக்கக் கிடைக்காது. வீட்டில் ஒரு அறையைப் பூட்டி, படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டுத் திரும்பப் பேசிப் பதியுங்கள். சினிமாப் பாட்டையோ பின்னணி இசையையோ எடுத்துப் போடாதீர்கள், யூடியூபின் உரிமைச் சோதனை பிடித்துவிடும். யூடியூப் ஓடியோ லைப்ரரி இலவசம். உடுக்கு அடிக்கத் தெரிந்த கூட்டாளி இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்து

தமிழில் பெயர் போடும்போதுதான் அதிக பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். பழைய ஃபோட்டோஷொப் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் எழுத்துருவில் பிழையில்லை. பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தெரிவு செய்து, புதிய கோப்பில் தொடங்குங்கள். வீடியோ மென்பொருளில் தமிழ் உடைந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். பெயரைத் தனியே வடிவமைத்துப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வையுங்கள். அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. நீங்கள் யூனிகோடில் செய்ததை அங்கே திறந்தால் எழுத்துக் குழம்பும், எனவே எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். கூகுள் ஃபொன்ட்ஸில் கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம் எல்லாம் இலவசம். இரத்தம் வடிகிற எழுத்துரு வேண்டவே வேண்டாம். மெல்லிய, சாதாரண எழுத்துத்தான் த்ரில்லருக்குப் பயம் கூட்டும்.

போஸ்டர்

நடிகர்கள் எல்லாருடைய முகத்தையும் அடுக்கத் தோன்றும், எல்லாருடைய அம்மாவும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நம் கேள்வி முடிச்சைப் பற்றியது. கறுப்புப் பின்னணியில் முடிச்சு மட்டும், கயிறு மேலே போய்ப் படத்துக்கு வெளியே மறைகிறது. கீழே பெயர். அதன்கீழே திரையிடும் நாள், நேரம், இடம். இந்த மூன்றும் பொடியெழுத்தில் கிடந்தால் போஸ்டர் ஒட்டி வேலையில்லை.

அண்ணனின் முகத்தை வைக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'காணவில்லை' என்று தலைப்புப் போட்டு, நடிகரின் பாஸ்போர்ட் படத்தோடு கறுப்பு வெள்ளைத் துண்டுப் பிரசுரம் அடித்து ஊரில் ஒட்டினால் நல்ல விளம்பரம் என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். வேறு நாட்டு மாணவர்கள் அதைச் செய்திருக்கலாம். இங்கே செய்யாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு வீதியோரம் நின்ற அம்மாமார் இந்த ஊரில் இருக்கிறார்கள். மின்கம்பத்தில் அப்படியொரு தாளைக் கண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, கிட்டப் போய்ப் பெயர் வாசிக்கிற ஒருவருக்கு அது விளம்பரம் இல்லை. ஆள் திரும்பி வராத கதை எடுப்பது பிழையில்லை, அதை எங்கே எப்படி ஒட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். யாராவது என் மேசைக்கு அப்படி ஒன்று கொண்டுவந்தால் நான் செய்து கொடுக்க மாட்டேன்.

பெயரைத் தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், ட்ரெய்லருக்கும் அந்த இரண்டு மொழியிலும் சப்டைட்டில் ஓடட்டும். மொழிபெயர்ப்பை மென்பொருளிடம் விடாமல் சிங்களம் பேசுகிற வகுப்புத் தோழனிடம் கொடுங்கள்.

வடிவமைத்து முடிந்ததும் ஃபோனில் பெருவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயர் வாசிக்க முடிகிறதா? பிறகு படம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், பக்கத்துக் கடை அண்ணாவோ பெரியம்மாவோ யாராக இருந்தாலும் சரி, ட்ரெய்லரைக் காட்டி "என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்கள்?" என்று கேளுங்கள். முடிவைச் சரியாகச் சொன்னால் திரும்ப வெட்டுங்கள். தோளைக் குலுக்கினாலும் திரும்ப வெட்டுங்கள்.

இணையத்துக்கு அளவுகள்: யூடியூப் முகப்புப் படம் 1280க்கு 720, இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 1080க்கு 1920. நெட்டை வடிவத்தில் அடிப்பகுதியில் பட்டன்கள் மறைக்கும், எழுத்தை அங்கே வைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் போஸ்டரை அனுப்பும்போது டொக்கியுமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் நசித்துவிடும்.

அச்சுக்கு நிறத்தை சிஎம்வைகே என்ற அச்சு மை நிறமுறைக்கு மாற்றுங்கள், வெட்டும்போது போவதற்காக நான்கு பக்கமும் 3 மிமீ கூடுதலாக விடுங்கள். திரையில் அழகாகத் தெரிகிற இருட்டு தாளில் சேறாகிவிடும், ஆகவே நிழல்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுங்கள். ஒரு பிரதி அடித்து, கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். தை, ஆவணி மாதங்களில் அச்சகமெல்லாம் கலியாண அட்டையில் மூழ்கிக் கிடக்கும், அந்த நாட்களில் ஒரு கிழமை முந்தியே கொண்டுபோய்க் கொடுங்கள். ட்ரெய்லர் வெட்டுவதென்றால் என்னிடமும் அப்படித்தான், அந்த மாதங்களில் என் மேசையிலும் மாப்பிள்ளை பொம்பிளைதான்.