ஸ்மோக்கர் செய்யப் போகிறீர்களா? வெல்டிங்கை விட முக்கியமான தவறுகள் வேறு இருக்கின்றன

வெல்டிங் கற்றுக்கொண்டவர்கள் ஒரு ஸ்டூல், ஒரு செடி ஸ்டாண்ட், ஒரு சின்ன கேட் என்று முடித்த கையோடு, அடுத்து உருப்படியாக ஒன்று செய்யவேண்டும் என்று தேடுவார்கள். புகையிலும் மிதமான சூட்டிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் ஆஃப்செட் ஸ்மோக்கர் அதற்கு நல்ல வேலைதான். படுக்கவைத்த ஓர் இரும்பு உருளை, அதன் ஒரு முனையில் சற்றுத் தாழ்வாக நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. நெருப்பு கறிக்கு அடியில் இருக்காது, பக்கத்தில் இருக்கும். சூடும் புகையும் உருளைக்குள் நுழைந்து, கறியைத் தொட்டுக்கொண்டு போய், மறுமுனையில் வெளியேறும். டெக்சாஸில் எண்ணெய் வயல்களில் மிஞ்சிய குழாய்களையும் பழைய புரொப்பேன் டாங்குகளையும் வெட்டி வெல்டர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட அடுப்பு இது. உள்சூடு 107 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும். அப்போதுதான் மாட்டின் நெஞ்சுக்கறி போன்ற நார் நிறைந்த துண்டுகளில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறி, கறி மெத்தென்று வரும்.

புதியவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது வெல்டிங் அழகைப் பற்றி. அது தேவையில்லாத கவலை. இது பாய்லர் இல்லை, உள்ளே பிரஷர் எதுவும் கிடையாது. கோணல்மாணலாக ஓடிய வெல்டிங்கும் தாங்கும், கிரைண்டர் போட்டால் கண்ணுக்கும் தெரியாது. சரிசெய்ய முடியாத தவறுகள் வேறு இரண்டு இடங்களில் நடக்கின்றன: பழைய இரும்புக் கடையில் பொருள் பொறுக்கும்போது, அப்புறம் அளவு போடும்போது.

எதை வெட்டக் கூடாது

முதலில் எல்லோர் கண்ணும் போவது 200 லிட்டர் டிரம் மீது. மலிவு, உருளையாகவே இருக்கிறது, எங்கும் கிடைக்கிறது. ஆனால் அதில் முன்பு என்ன வந்தது? கடைக்காரர் "எண்ணெய்தான் சார்" என்பார். எந்த எண்ணெய் என்று அவருக்கும் தெரியாது. தின்னர், பூச்சிமருந்து, ரசாயனம் எதுவாகவும் இருக்கலாம். காலி டிரம்முக்குள் தங்கியிருக்கும் ஆவி, கிரைண்டர் பொறி பட்டாலே வெடிக்கும். உள்பக்கம் பழுப்பாகவோ சிவப்பாகவோ பூச்சு தெரிந்தால் அது பெரும்பாலும் எபாக்ஸி, சமைக்கும் சூட்டில் அது கறியோடு சேரக்கூடாது. உணவுப்பொருள் வந்தது என்று உறுதியாகத் தெரிந்த, உள்பூச்சு இல்லாத டிரம் கிடைத்தால் சரி. அப்படிக் கிடைத்தாலும் அதன் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கை பழகாதவர் ஆர்க் வெல்டிங்கில் அதைத் தொட்டதும் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கப் போனால் இன்னும் பெரிதாகும்.

வீட்டு கேஸ் சிலிண்டரை வெட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் உங்கள் சொத்தே இல்லை. நீங்கள் கட்டியது டெபாசிட், சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துடையது. உருளைக்குப் பழைய ஏர் கம்ப்ரசர் டாங்க் நல்ல தேர்வு, கனமான எம்எஸ் (மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு) பைப் அதைவிட நல்லது. எந்த டாங்க்காக இருந்தாலும் வால்வைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் அலசி, வாய்வரை தண்ணீர் நிரப்பி முதல் வெட்டைப் போடுவதுதான் முறை. உள்ளே காற்றுக்கு இடமில்லாவிட்டால் பற்றிக்கொள்ளவும் எதுவும் இல்லை.

அடுத்தது ஜிஐ. துத்தநாகப் பூச்சு உள்ள பைப், தகடு, வெல்டு மெஷ், நட்டு போல்ட் எல்லாமே இதில் அடக்கம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். வெல்டிங் ஆர்க்கின் சூடு இதற்கெல்லாம் பல மடங்கு மேலே. அதனால்தான் ஜிஐயை வெல்டிங் அடிக்கும்போது வெள்ளைப் புகை கிளம்பி, பஞ்சு போன்ற வெண்தூள் படிகிறது. அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், வாயில் உலோகச் சுவை நிற்கும். ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதால் பட்டறைகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பால் குடித்தால் போதும் என்பார்கள். பால் நுரையீரலுக்குப் போகாது. ஸ்மோக்கரிலோ இன்னொரு சிக்கலும் உண்டு. நெருப்புப் பெட்டியின் தகடு தணலை ஒட்டி நிற்பதால் அங்கே பூச்சு உருகி ஆவியாகலாம். கறி வைக்கும் கம்பியில் துத்தநாகம் இருந்தால் எலுமிச்சை, வினிகர் தடவிய கறி அதைக் கரைத்துக்கொள்ளும். பழைய ஃபிரிட்ஜ் தட்டுக் கம்பியும் வேண்டாம், சிலவற்றில் காட்மியம் பூச்சு உண்டு. பூச்சில்லாத எம்எஸ் எக்ஸ்பாண்டட் மெட்டல் (வலைபோல் விரித்த தகடு) வாங்குங்கள், காசு இருந்தால் 304 ஸ்டெயின்லெஸ்.

எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்துவிட்டு வெல்டிங் அடிப்பதும் ஆபத்து. குளோரின் கலந்த கிளீனர் என்றால், ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் அது சிதைந்து பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் விஷவாயுவாக வீசப்பட்டது அதுதான். சோப்பு, வெந்நீர், கம்பி பிரஷ் போதும்.

கனமும் ராடும்

மெல்லிய தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும், கதவை ஒருமுறை திறந்து மூடினாலும் உள்சூடு சரிந்துவிடும். நீங்கள் பன்னிரண்டு மணி நேரமும் விறகு வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். டெக்சாஸ் ஸ்மோக்கர்களில் கால் அங்குலத் தகடு, அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், வழக்கம். ஆனால் 6 மில்லி தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. 50 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள உருளை, இரண்டு முனைத் தகடுகளோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும். இதைக் கணக்குப் போடாமல் வீட்டு மாடியில் வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. பணமோ பலமோ போதாவிட்டால் நெருப்புப் பெட்டியை 6 மில்லியில் செய்யுங்கள், உருளையை 4 மில்லியில் செய்யுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள்.

இந்தக் கனத்துக்கு 6013 வகை வெல்டிங் ராடு, பத்தாம் நம்பர், அதாவது 3.15 மில்லி சரியாக வரும். தொண்ணூறு ஆம்பியரில் ஆரம்பித்து, ராடு ஒட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கால்கள், கைப்பிடி, மெல்லிய பட்டைகளுக்கு அதைவிட மெல்லிய பன்னிரண்டாம் நம்பர். 7018 வகை ராடு வலுவானதுதான், ஆனால் ஈரம் பட்டால் கெட்டுவிடும், சூடாக்கி உலர்த்தி வைக்கவேண்டும். முதல் வேலைக்கு அந்த வம்பு எதற்கு? ஆர்க் சரியாக நிற்கவில்லை என்றால் மெஷினைத் திட்டுவதற்கு முன் எர்த் கிளாம்ப் (மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் கவ்வி) பிடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள், பாதி நேரம் அங்கே பெயிண்டோ துருவோ இருக்கும்.

கண்ணைப் பற்றி ஒரு வரி. டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு ஒட்டு) வைக்கும்போது ஷீல்டு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுவது பலருக்கும் பழக்கம். பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் வலிக்கும். பத்தாம் ஷேடு (கருமை அளவு) கண்ணாடி போதும், ஆனால் ஒவ்வொரு டேக்குக்கும் வேண்டும்.

கதவு

வெல்டிங் வேலையில் உண்மையிலேயே பொறுமை தேவைப்படும் இடம் உருளையின் கதவுதான். பைப்பும் டாங்க்கும் செய்யப்படும்போதே இரும்புக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. நான்கு பக்கமும் கோடு போட்டு ஒரே மூச்சில் வெட்டி எடுத்தால், அந்தத் துண்டு விரிந்துகொள்ளும். வளைவு மாறிவிடும், தான் இருந்த ஓட்டையிலேயே அது உட்காராது. சுத்தியலால் அடித்து வளைக்கப் பார்த்தால் நெளிசல்தான் மிஞ்சும்.

செய்யும் முறை இப்படி. கீல் வரும் நீளப் பக்கத்தை மட்டும் முதலில் மெல்லிய கட்டிங் வீலால் வெட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் அப்படியே இருக்கட்டும். இப்போது அந்த வெட்டுக்கு மேல் கீல்களை வைத்து, இருபக்கமும் வெல்டிங் அடித்துவிடுங்கள். கதவு இன்னும் உருளையின் பாகமாகவே இருப்பதால் கீல் தானாகவே நேராக அமையும். பிறகு மற்றப் பக்கங்களை வெட்டுங்கள், ஆனால் மூலைக்கருகில் இரண்டு மூன்று இடங்களில் ஒரு அங்குலம் வெட்டாமல் விடுங்கள். 40 மில்லி பட்டையை உருளையின் வளைவுக்கு வளைத்து, பாதி கதவின் மேலும் பாதி வெளியே நீட்டியும் வைத்து, கதவோடு மட்டும் பற்றவையுங்கள். இந்தப் பட்டைதான் கதவின் வளைவைப் பிடித்து வைக்கும், புகைக் கசிவையும் தடுக்கும். ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுக்காதீர்கள். இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று மாறி மாறி, நடுவில் ஆறவிட்டு அடியுங்கள். கடைசியாகத்தான் அந்த மிச்ச ஒட்டுகளை வெட்டவேண்டும்.

நெருப்புப் பெட்டியின் கதவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று சந்தோஷப்படவும் வேண்டாம். இரும்பு சூட்டில் நீளும். அரை மீட்டர் தகடு 400 டிகிரி ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். குளிர்ந்திருக்கும்போது இறுக்கமான கதவு நெருப்பு எரியும்போது திறக்காது. இரண்டு மூன்று மில்லி இடைவெளி விடுங்கள். சதுர பைப்பில் கால் வைப்பவர்கள் இரு முனையையும் மூடி வெல்டிங் அடிக்கும்போது, கடைசி ஓட்டை மட்டும் அடையவே அடையாமல் பொத்துப் பொத்து வரும். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி வெளியே தள்ளுவதுதான் காரணம். கண்ணில் படாத இடத்தில் 3 மில்லி துளை ஒன்று போட்டால் தீர்ந்தது.

புகை போக வழி

பார்க்க அருமையாக இருக்கும் ஸ்மோக்கர்கள் கசப்பான கறியைத் தருவதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. நெருப்புக்குப் போதிய காற்று கிடைக்காவிட்டால் விறகு எரியாது, புகையும். அடர்த்தியான வெள்ளைப் புகை என்றால் அரைகுறையாக எரிந்த பொருட்கள் வருகின்றன என்று பொருள். அவை கறியின் மேல் பிசினாகப் படிந்து நாக்கை மரத்துப்போகச் செய்யும் கசப்பைத் தரும். வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் மெல்லிய நீலப் புகை.

நெருப்புப் பெட்டியின் கொள்ளளவு உருளையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்பது இதைச் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேலே சொன்ன உருளை சுமார் 235 லிட்டர். அப்படியானால் பெட்டி 78 லிட்டர் அளவில், ஒவ்வொரு பக்கமும் 43 சென்டிமீட்டர் உள்ள கனசதுரமாக அமையும். புதியவர்கள் இதில் பாதியளவுக்குப் பெட்டி செய்துவிட்டு, சூடு ஏறவில்லை என்று கரியைக் கொட்டுவார்கள். பெட்டிக்குள் விறகுத் தட்டு அதன் அடித்தகட்டிலிருந்து எட்டுப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் சாம்பலே காற்றை அடைத்துவிடும்.

புகைபோக்கிக்குக் கையில் கிடைத்த இரண்டு அங்குலப் பைப்பை வைப்பது மிகப் பரவலான தவறு. ஆறு அங்குலக் குழாயின் வாய் அதைவிட ஒன்பது மடங்கு பெரியது. இந்த அளவு உருளைக்கு ஐந்து முதல் ஆறு அங்குல விட்டமும் முக்கால் மீட்டருக்குக் குறையாத உயரமும் வேண்டும். அதை உருளையின் உச்சியில் பொருத்தினால் சூடும் புகையும் மேலாகவே ஓடி வெளியேறிவிடும், கறிக்குக் கிடைப்பது மிச்சம்தான். முனைத் தகட்டில், கறி வைக்கும் கம்பியின் மட்டத்தில் துவாரம் போட்டு, வெளிப்புறமாக மேலே ஏற்றுங்கள். பெட்டிக்கும் உருளைக்கும் இடையிலுள்ள வாய் புகைபோக்கியின் வாயைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்கவேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தக் காற்றை அடைக்காதீர்கள், விறகைக் குறையுங்கள்.

கதவோரம் கொஞ்சம் புகை கசிந்தால் சிலர் தூக்கம் இழக்கிறார்கள். விட்டுவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கே நாளடைவில் அடைத்துவிடும்.

மறந்துபோகும் சில்லறை வேலைகள்

கொழுப்பு வடிய ஒரு துளை, உருளையின் அடியில், நெருப்புப் பெட்டிக்கு எதிர்முனையில் வேண்டும். உருளையும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். தேங்கிய கொழுப்பு தீப்பிடித்தால் அணைப்பது பாடு. தெர்மாமீட்டரைக் கதவின் உச்சியில் வைத்தால் அது அங்குள்ள சூட்டைத்தான் சொல்லும். கம்பி மட்டத்தில், இரு முனைக்கும் ஒன்றாக வையுங்கள். உள்பக்கம் எந்தப் பெயிண்டும், ரெட் ஆக்சைடு கூட, அடிக்கக்கூடாது. வெளியே சூடு தாங்கும் பெயிண்ட் அடிக்கலாம், நெருப்புப் பெட்டியில் அது எப்படியும் உரியும்.

கறி வைக்கும் முன் உள்ளே சமையல் எண்ணெய் மெல்லியதாகத் தடவி, சில மணி நேரம் வெறுமனே நெருப்பு எரியவிடுங்கள். திறந்தவெளியில்தான். போர்ட்டிகோவுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளை அடித்துவிடும். விறகுக்கு நன்றாகக் காய்ந்த கொய்யா, மா நல்லவை. நம் ஊரில் எல்லோரும் வெட்டி எறியச் சொல்லும் சீமைக் கருவேலம், டெக்சாஸ்காரர்கள் கறிக்குத் தேடிப்பிடித்து எரிக்கும் மெஸ்கீட்டின் நெருங்கிய உறவுதான். ஆனால் அதன் புகை காட்டமானது, சூடும் அதிகம். முதல் நெருப்புக்கு வேண்டாம்.

சூடு 120 டிகிரியில் நின்றபிறகு கம்பி முழுக்க பிரெட் துண்டுகளை வரிசையாக அடுக்கி மூடிவையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் எந்த இடம் அதிகம் சுடுகிறது என்று பிரெட்டின் நிறமே சொல்லிவிடும். அநேகமாக நெருப்புப் பெட்டியை ஒட்டிய துண்டுகள் கருகியிருக்கும். பெட்டியிலிருந்து சூடு நுழையும் வாய்க்கு மேலே ஒரு தகட்டைச் சரிவாக வைத்தால் சூடு கீழே திரும்பிப் பரவும். அதை அப்போதே வெல்டிங் அடித்துவிடாதீர்கள். சும்மா சாய்த்து வைத்து, ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள், பிரெட் ஒரே நிறமாக வரும்வரை.