மூன்று மில்லிமீற்றர் போதும் மகள்

வந்தாறுமூலைக் கம்பஸில படிச்ச மருமகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போறாள். அங்க முதல் வேலை, அல்ட்ராசென்ட்ரிபியூஜில, அதாவது கரைசலைப் படுவேகமாச் சுழற்றுற மெசினில, புரதத்துட மூலக்கூற்றுத் திணிவை அளக்கிறது. அந்த மெசினோட பன்னிரண்டு வருசம் மாரடிச்சிட்டுக் கல்லடிக்கு வந்தவன் நான். மேசையில கடதாசி பறக்காம வைக்கிற கறுப்பு வில்லை, பழைய ஆறு வாய்க்கால் சென்டர்பீஸ்தான், அந்த மெசின்ட கலத்துக்குள்ள திரவத்தைத் தாங்கிற நடுத்துண்டு. அதை அவள்ட கையில குடுத்துச் சொன்னது இது.

சுவரைப் பார் மகள். மூலக்கூறு இறங்கிற வேகத்தை அளக்கிற கலத்தில பள்ளம் விசிறி மாதிரி விரியும். இல்லாட்டி இறங்கிற மூலக்கூறுகள் சுவரில மோதிக் கரைசலைக் கலக்கிப்போடும். மற்ற முறை சமநிலை: அதில இறங்கிறதும் பரவி ஏறுறதும் சரிக்குச் சரி, அதால சுவர் நேரா இருந்தாலும் பாதகமில்ல. மூன்று சோடி வாய்க்காலை (சோடியில ஒண்டுக்குப் புரத மாதிரி, மற்றதுக்குப் புரதமில்லாத பஃபர் கரைசல்) இஃபாண்டிஸ் எண்ட ஆய்வாளர் 1964இல் கொண்டுவந்தது அந்தத் துணிவிலதான்.

வாய்க்காலில திரவம் நிக்கிற உயரத்திலதான் கனபேர் பிழை விடுறாங்க. உயரம் இரட்டிச்சா சமநிலைக்குக் காத்திருக்கிற நேரம் நாலு மடங்கு. 12 மில்லிமீற்றர் தடிப்புக் கலத்தில வாய்க்காலுக்கு 110 மைக்குரோலீற்றர் விட்டா ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வரும், அது காணும். பக்கத்து பஃபருக்கு 10 மைக்குரோலீற்றர் கூட விடு. ரெண்டு நீர்மட்டமும் ஒரே இடத்தில விழுந்தா புரத மாதிரிட மேல்விளிம்பு எதெண்டு பிடிபடாது. பஃபர் எண்டா மாதிரியைச் சவ்வுப்பையில போட்டு டயலிசிஸ் பண்ணின அதே பஃபர், போத்தலில புதுசாக் கலந்ததில்ல.

இந்த வில்லையில ஊத்துற துளை கிடையாது. கீழ்க் கண்ணாடியைப் பூட்டி, மாதிரியை விட்டு, பிறகுதான் மேல்க் கண்ணாடி. நான் ஒருக்கா அதைச் சரிச்சு வைக்க, ஒரு துளி அடுத்த வாய்க்காலுக்கு வழிஞ்சிட்டு. ரெண்டு நாள் ஓடின பிறகுதான் தெரிஞ்சுது. ஒளி உறிஞ்சல் அளவீட்டுக்குக் குவார்ட்ஸ் கண்ணாடி போதும். ஒளியலைக் குறுக்கீட்டால அளக்கிற ஒளியியலுக்கு சஃபையர் போடு, அது சுழற்சியில குறைவாத்தான் வளையும்.

மூன்று சோடியிலயும் மூன்று செறிவு: உறிஞ்சல் 0.3, 0.5, 0.7. செறிவு கூடக்கூடத் திணிவும் ஏறினா புரதம் ஒண்டோட ஒண்டு சேருது. திணிவு குறைஞ்சா ஒண்டையொண்டு தள்ளுது. ஒரே செறிவை மூன்றிலயும் விட்டா இதைக் காணவே மாட்டாய்.

சில மணித்தியாலம் இடைவெளி விட்டு எடுத்த ரெண்டு ஸ்கேனைக் கழிச்சுப் பார். மிச்சம் ஒண்டுமில்லையெண்டா, செறிவுட மடக்கையை ஆரையின் வர்க்கத்துக்கு எதிரா வரை. படித்திறன்தான் திணிவைத் தரும். பகுதிக் கனவளவை (ஒரு கிராம் புரதம் கரைசலில பிடிக்கிற இடம், மில்லிலீற்றரில) 0.73 எண்டு கண்ணை மூடிப் போடாத. தண்ணியில அதில 1 சதவீதம் பிழைச்சா திணிவில ஏறக்குறைய 3 சதவீதம் பிழைக்கும்.

கழுவக்குள்ள தூரிகையால உரசாத. இந்த வில்லை கடதாசிக்குக் காவலானது அந்தக் கீறலாலதான்.