முதலாவது ஓஃப்-ரோட் டுவாத்லன்: கொழும்பில இருந்துகொண்டு எப்பிடி ரெடியாகிறது

ஓடவும் தெரியும், சைக்கிளும் ஓடத் தெரியும், ஆனா ரெண்டையும் மண்ணுக்குள்ள ஒண்டுக்குப் பின்னால ஒண்டா செய்யிற ஓஃப்-ரோட் டுவாத்லன் வேற விளையாட்டு. ரோட் டுவாத்லனில ஸ்டாண்டர்ட் தூரம் 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 சைக்கிள், திரும்ப 5 ஓட்டம். ஓஃப்-ரோட்டில பெரும்பாலும் 6–8 ஓட்டம், 20–25 சைக்கிள், 3–4 ஓட்டம், உள்ளூர்ப் போட்டியெண்டா இன்னும் குறைச்சும் வைப்பினம். தூரம் குறைவுதானே எண்டு நினைக்காதேங்கோ, மழை பெய்ஞ்ச கபுக் மண்ணில சைக்கிளில 20 கிலோமீட்டர் ஓடுறதும் காலி வீதியில 20 ஓடுறதும் ஒண்டில்ல.

ஓடுறது எப்பிடி, கியர் மாத்துறது எப்பிடி எண்டெல்லாம் இங்க எழுதேல்ல. 10 கிலோமீட்டர் நிக்காம ஓடுற ஆளெண்டு வச்சுக்கொண்டுதான் கதைக்கிறன்.

சைக்கிள்

முன்னுக்கும் பின்னுக்கும் அதிர்வு தாங்கிற ஃபுல் சஸ்பென்ஷன் தேவையே இல்ல. முன்னுக்கு மட்டும் அதிர்வு தாங்கிற ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் போதும், புறக்கோட்டை டாம் வீதிப் பக்கம் ஒரு விடியக்காலமா ரெண்டு மூண்டு கடை ஏறி இறங்கினா நல்ல செகண்ட் ஹேண்ட் மாட்டும். காசைக் கொட்டுறதெண்டா பிரேக்கில கொட்டுங்கோ. ஹைட்ரோலிக் டிஸ்க் எண்டா ஒரு விரலால பிடிக்கலாம், விரல் களைக்காது. ரிம்மைப் பிடிக்கிற பழைய பிரேக்கில சேறு ஏறினா ரப்பர் கட்டை அரைபட்டுப் போகும், பிடிக்கவும் மாட்டுது.

டயர் காத்து: கடையில சொன்னா கல்லு மாதிரி அடிச்சுத் தருவினம், ரோட்டுக்கு அது சரி. 2.1 இல்லாட்டி 2.25 இஞ்சி அகல டயருக்கு, டியூப் போட்டதெண்டா, 65 கிலோ ஆள் 28–30 பிஎஸ்ஐயில தொடங்கிப் பாருங்கோ. நல்லாக் குறைச்சா வேரில அடிபட்டு டியூப் ரெண்டு இடத்தில கிழியும், கூட்டினா ஈர வேரில வழுக்கும். கேஜ் உள்ள பம்ப் ஒண்டு வாங்குங்கோ, கையால அமத்திப் பாக்கிற கதை சரிவராது.

சப்பாத்து, பெடல்

கிளீட் சப்பாத்து, அதாவது அடியில இருக்கிற துண்டு பெடலில கொழுவிற சப்பாத்து, வேண்டாம். இதில என்னோட கனபேர் சண்டைக்கு வருவினம், வரட்டும். ஏத்தத்தில இறங்கித் தள்ளுற இடம் கட்டாயம் வரும், அந்தச் சேறு கிளீட்டுக்குள்ள போய் அடைஞ்சா பெடலில கொழுவாது. அதோட ரெண்டு தரம் சப்பாத்து மாத்தோணும். ஊசி வச்ச பிளாட் பெடலும் மண் பாதையில ஓடுற ஒரு சோடி ட்ரெயில் சப்பாத்தும் எண்டா தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் அதே சப்பாத்துதான். லேஸை முடிச்சுப் போடாம இழுத்துப் பூட்டுற லேஸ் போடுங்கோ, தொங்கிற துண்டு செயினுக்குள்ள போகாது.

முதல் ஓட்டம் (இதை ரெண்டு தரம் வாசியுங்கோ)

விசில் அடிச்ச உடன எல்லாரும் பாய்வினம். அதில ஒரு நியாயமும் இருக்கு: கொஞ்சத் தூரத்தில பாதை ஒடுங்கும், ஒரு ஆள் மட்டும் போற ஒத்தையடிப் பாதை, பின்னுக்கு மாட்டுப்பட்டா முந்த ஏலாது. ஆனா முதல் தரம் ஓடுறவைக்கு இந்தக் கணக்குப் பிழைக்கும். வரிசையில நிண்டா போறது ஒரு நிமிசம், பாய்ஞ்சு ஓடினா அதின்ர விலை சைக்கிளில வரும், அதுவும் ஏத்தத்தில மட்டும் இல்ல, இறக்கத்திலயும்.

ஏனெண்டா ரோட் சைக்கிளில ஏறினா ஒரு சீரான வேகத்தில மிதிச்சு மூச்சை எடுத்துக்கொள்ளலாம். மண்ணில அந்த ஓய்வு இல்ல. சின்ன ஏத்தம் எல்லாம் முழுப் பலத்தையும் கேக்கும், இறங்கேக்க கண்ணும் கையும் வேலை செய்யோணும். மூச்சு வாங்கிக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டு இறங்கிறவர் பிரேக்கைப் பிந்திப் பிடிப்பார், வளைவுக்குள்ள வச்சு இறுக்குவார், முன் டயர் வழுக்கும், அவ்வளவுதான். றப்பர் தோட்டத்தில மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில ஹேண்டில் போறதுக்கே கணக்காத்தான் இடம் இருக்கும்.

அதால மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ. சுதந்திர சதுக்கத்தில ஓடின வேகம் தோட்டத்துக்குள்ள ஒண்டுக்கும் உதவாது. பக்கத்தில ஓடுறவரோட ஒரு முழு வசனம் கதைக்க ஏலுதோ எண்டு பாருங்கோ, ஏலாட்டி குறையுங்கோ. கனபேர் உங்களைத் தாண்டிப் போவினம், விடுங்கோ, அவையில பாதிப்பேர் பேந்து ஏத்தத்தில சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிப்பினம்.

ட்ரான்சிஷன்

ஓட்டத்தில இருந்து சைக்கிளுக்கும், சைக்கிளில இருந்து ஓட்டத்துக்கும் மாறுற இடம்தான் இது. ஹெல்மட்டைக் கவிழ்த்து, வாரை விரிச்சு ஹேண்டிலில வையுங்கோ. முதல்ல ஹெல்மட், வார் பூட்டினாப் பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். திரும்பி வரேக்க சைக்கிளை ஸ்டாண்டில வச்சாப் பிறகுதான் வாரைக் கழட்டலாம். இதைப் பிழைவிட்டா பெனால்டி. வெளிய போற இடத்தில கீறியிருக்கிற கோடு தாண்டாம சைக்கிளில ஏறக் கூடாது, திரும்பி வரேக்க இறங்கிறதும் கோட்டுக்கு முன்னால. சைக்கிளை வைக்கேக்கயே லேசான கியரில விட்டு வையுங்கோ, கன இடத்தில புல்லுக்குள்ள இருந்துதான் மிதிக்கத் தொடங்கோணும். நம்பர் பெல்ட் வாங்கினா நம்பரை ஓடேக்க முன்னுக்கும் சைக்கிளில பின்னுக்கும் சுழட்டலாம்.

மற்றவை வந்து உதவி செய்யிறதுக்குப் பொதுவா விதி விடாது, அதால டியூப், டயர் கழட்டுற லீவர், சின்னப் பம்ப், மல்டி டூல், செயின் லிங்க் எல்லாம் உங்களிட்டயே இருக்கோணும். டயருக்குக் காத்து அடிக்கிற சின்னக் காஸ் சிலிண்டர் ஸ்டைலா இருக்கும், ஒரு தரம் பிழைச்சா முடிஞ்சுது. பம்ப் எண்டா திரும்பத் திரும்ப அடிக்கலாம்.

பழகிறது

சனிக்கிழமை விடிய, பஸ் எல்லாம் வெளிக்கிட முதல், 15 நிமிசம் ஓட்டம், 40 நிமிசம் சைக்கிள், உடன 10 நிமிசம் ஓட்டம். இடையில தண்ணி குடிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. சைக்கிளால இறங்கின உடன கால் மரக்கட்டை, எல்லாருக்கும் அப்பிடித்தான். கடைசி ஒரு கிலோமீட்டரில லேசான கியரில வேகமா மிதிச்சு, எழும்பி நிண்டு கெண்டைக்காலை இழுத்து விடுங்கோ, ஓடேக்க எட்டைச் சின்னனா வையுங்கோ, கொஞ்ச நேரத்தில இளகும்.

வெள்ளவத்தைக்காரர் தெஹிவளைப் பக்கம் கடற்கரை மணலில ஓடலாம், கணுக்கால் பலப்படும், ரயில் பாதை கடக்கேக்க கவனம். சேத்தில பழக ஹங்வெல்ல, பாதுக்கைப் பக்கத்து றப்பர் தோட்டங்கள், வோச்சரிட்ட கேட்டுட்டுப் போங்கோ. ஈர வேரை நேர்குறுக்கா கடக்கோணும், வேருக்கு மேல பிரேக் பிடிக்கக் கூடாது, கண் முன் டயரைப் பாக்கக் கூடாது, தள்ளிப் பாக்கோணும்.

சாப்பாடு பெரிய விசயமில்ல. முதல் நாள் சோறு, விடிய பாணும் கோழிக்கூட்டு வாழைப்பழமும், சைக்கிளில பேரீச்சம்பழம், போத்திலில ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்). முதல் நாள் இரவு பருப்பும் சம்பலும் அள்ளிக் கொட்டாதேங்கோ.

பிறகு சேர்த்தது: ஒரு தங்கச்சி ஹிஜாபுக்கு மேல ஹெல்மட் நிக்குதில்ல எண்டு கேட்டிருந்தா. ஊசி குத்தாத மெல்லிய ஸ்போர்ட்ஸ் ஹிஜாபைக் கட்டிட்டு ஹெல்மட்டுக்குப் பின்னால இருக்கிற சக்கரத்தைத் திரும்ப இறுக்குங்கோ, நாடிக்குக் கீழ வாரில ரெண்டு விரல் போற இடைவெளி போதும். போட்டியண்டு முதல் தரமா கட்டிப் பாக்க வேண்டாம்.

இன்னொண்டு: அட்டைக்கு என்ன செய்யிறது எண்டு கனபேர் கேக்கினம். காலுறையில சவர்க்காரம் பூசுங்கோ, கடிச்சா அது ரத்தம் குடிச்சு முடிஞ்சு தானா விழும் வரைக்கும் விட்டுடுங்கோ. அட்டையை விடப் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். வயலும் சேறும் உள்ள இடத்தில அதின்ர கிருமி காயத்துக்குள்ளால போகும். விழுந்து உரசின காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, பிறகு ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள காய்ச்சலோ கெண்டைக்கால் நோவோ வந்தா பனடோல் போட்டுக்கொண்டு இருக்காம டொக்டரிட்டப் போய் சேத்துக்க ஓடினனான் எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி அவர் டெங்குவுக்கு மட்டும்தான் ரத்தம் எடுக்கச் சொல்லுவார்.