செல்ஃப் எடுக்காத காரும் ஒரு சிறிய மீட்டரும்

ஆடி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ரங்கூன் தாமுவேயில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு டொயோட்டா புரோபாக்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளியவர்கள் அண்ணனும் தம்பியும். உள்ளே அவர்களுடைய அம்மா, மடியில் அர்ச்சனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பீலிக்கான் கோயிலுக்குக் கிளம்பியவர்கள்.

“அண்ணே, பேட்டரி மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நேற்று ஒருவர் பார்த்துவிட்டு, செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார்” என்றான் பெரியவன்.

கோளாறு மோட்டாரில் இல்லை, பேட்டரியிலும் இல்லை. ஒரு போல்ட்டுக்கு அடியில் படிந்த துருதான் காரணம். அதற்காக அந்தக் குடும்பம் ஒரு பேட்டரியின் விலையை இழந்திருந்தது. இப்படிப்பட்ட வீண்செலவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் ஒரு சிறிய மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் இதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக’ என்று அடித்துக்கொண்டால், பேட்டரியில் தெம்பில்லை அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு, முன்விளக்கும் மங்காமல் இருந்தால், செல்ஃப் மோட்டாரின் தலையில் உள்ள செப்புத் தகடுகள் தேய்ந்திருக்கலாம். டொயோட்டா வண்டிகளில் இது அடிக்கடி வரும். அந்தத் தகடுகளை மட்டும் மாற்றினால் போதும், முழு மோட்டாரும் தேவையில்லை. ஆட்டோ கியர் வண்டியில் சத்தமே இல்லையென்றால் கியரை ‘N’ (நியூட்ரல்) நிலைக்குத் தள்ளி ஒருமுறை சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது எடுத்தால் கோளாறு கியர் சுவிட்சில் இருக்கிறது.

அடுத்தது மீட்டர். 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் பேட்டரியின் இரண்டு கொம்புகளிலும், அதாவது வயர் மாட்டும் முனைகளிலும், தொடுங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஒருவர் சாவியைத் திருப்பும்போது நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 10-க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றி மறுபடியும் சோதியுங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டையும் டைனமோவையும் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்காதீர்கள். அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

இனி, அந்த அம்மாவின் வண்டியில் நான் செய்த சோதனை. இதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கொம்பின்மேலேயே வைத்தேன், அதைக் கவ்வும் வயரின் கிளாம்ப்பின்மேல் அல்ல. மறு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்தேன். தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். எர்த், அதாவது நெகட்டிவ் வயர் வண்டியின் உலோகத்தோடு சேரும் இணைப்பு, ஒழுங்காக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டக்கூடாது. அங்கே 1.4 காட்டியது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் திரும்பிவரும் வழியிலேயே 1.4 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது.

நெகட்டிவ் வயர் பாடியோடும் கியர்பாக்ஸோடும் சேரும் இடங்களைத் தேடினேன். பார்வைக்கு இரண்டும் கெட்டியாக இருந்தன. கியர்பாக்ஸ் பக்கத்து போல்ட்டைக் கழற்றியதும்தான், வளையத்துக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகத் துரு அப்பியிருப்பது தெரிந்தது. வருடத்தில் ஐந்து மாதம் மழையில் ஊறும் ஊரில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம். உப்புத்தாளால் வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். இறுக்கி முடித்தபின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.1. முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. அந்த அம்மா கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இதை நீங்கள் செய்யும்போது முதலில் கழற்ற வேண்டியதும் நெகட்டிவ், கடைசியாக மாட்ட வேண்டியதும் நெகட்டிவ். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். கொம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவலாம், பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு காலையும் பேட்டரி இறங்கியிருந்தால், வண்டி வாங்கியபிறகு மாட்டிய பாட்டுப்பெட்டியையோ அலங்கார விளக்கையோ சந்தேகப்படுங்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வயருக்கும் கொம்புக்கும் இடையில் கோர்த்து, கதவுகளைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பொறுங்கள். 0.05 ஆம்பியருக்குமேல் ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு சரிகிறதோ, திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். மீட்டர் கோர்த்திருக்கும்போது மறந்தும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

பழைய ஹோண்டா ஃபிட் 1.3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தலைமுறை வண்டியில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் 8 ஸ்பார்க் பிளக். முன்னால் கைக்கு எட்டும் நான்கை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். கழற்றிய பழைய எட்டையும் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள்.

சூடேறும் கோளாறில், எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறிய சுவிட்சுப் பெட்டி. ஹாரனுக்கும் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் கோளாறு ரிலேயில்தான். வேகமாக ஓடும்போது ஏறினால் தண்ணீர் குறைவு, அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடைபோல் வெளுத்திருந்தால், அந்த வண்டியை அதன்பின் ஓட்டவே வேண்டாம்.

சிரியம் பாலத்தில் இப்படிச் சூடேறி நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? பர்மாவில் சாலைப் போக்குவரத்து 1970-இலேயே வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது, பெரும்பாலான வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. அதனால் ஓட்டுபவர் இறங்குவது ஓரத்தில், பக்கத்தில் இருப்பவர் இறங்குவது பாயும் வண்டிகளுக்கு நடுவில். குழந்தைகளையும் பெரியவர்களையும் வலப்பக்கக் கதவு வழியாகவே இறக்குங்கள். அப்புறம் அரைமணி நேரமாவது காத்திருங்கள், ரேடியேட்டர் மூடியில் கைவைக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முன்கை வெந்த ஒரு பையனுக்கு நான் ஒரு மாதம் கட்டுப் போடக் கூட்டிப்போயிருக்கிறேன்.

கடைசியாக வெள்ளம். தேங்கிய தண்ணீரில் போகும்போது என்ஜின் நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மேட்டுக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். பிளக்குகளைக் கழற்றி, சில நொடிகள் மட்டும் என்ஜினைச் சுற்றவிட்டு, குழிகளிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் முழுவதும் நின்றபிறகுதான் பிளக்கைத் திரும்ப மாட்ட வேண்டும். எண்ணெயையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.